பொறுக்கத்தக்க பிழை

பிழையே இல்லாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்பதை எனக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு வேதாந்தியாக இருந்திருந்தால் நான் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோயிருப்பேன். சொன்னவர் துப்பாக்கித் தோட்டா செய்வதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கிழவர். அதனால்தானோ என்னவோ, இன்றுவரை மறக்கவில்லை.

என் தங்கை மகன் பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூரில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். காலையில் அவனும் அவன் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால், சாயங்காலம்வரை வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபதுக்கு மேல் வயது. நாற்பது வருஷம் லேத் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். கார் நிறுத்துகிற கொட்டகையில் நீளமாக ஒரு மேஜை போட்டு, அதன்மேல் ஓர் அழுத்து யந்திரம், தராசு, அளவுக் கருவிகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு, மத்தியான வேளைகளில் நகை வேலை செய்கிறவர் மாதிரி குனிந்திருப்பார்.

"அவர் என்னடா செய்கிறார்?" என்று கேட்டேன்.

"சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடியும் மருந்து போட்டு நிரப்புகிறார், மாமா. இந்த ஊரில் அது பெரிய விஷயமில்லை. ஆனால் நீங்கள் அங்கே போக வேண்டாம்" என்றான்.

போக வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் நான் கதை எழுதுகிறவன் ஆகியிருக்க மாட்டேன். மறுநாளே போனேன்.

துப்பாக்கி என்றாலே எனக்கு வெறுப்பு. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் காகிதத்தைத்தான் சுடுகிறேன். உட்காருங்கள். மேஜையின்மேல் மட்டும் கை வைக்காதீர்கள்" என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார். அதன் பிறகு ஒரு மாதம் அந்த ஸ்டூல் எனக்கென்றே ஆகிவிட்டது.

ஒரு தடவை சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டை அவர் எறிவதில்லை. உள்ளே மருந்து எரியும்போது எழுகிற அழுத்தத்தில் அந்தக் கூடு விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு சற்றுச் சுருங்கும். ஆனால் பழைய உருவத்துக்கு முழுவதும் திரும்புவதில்லை. அதை எஃகு அச்சு ஒன்றுக்குள் செலுத்தி அழுத்த வேண்டும். அப்படி அழுத்துகையில் பித்தளை மேல்பக்கமாகப் பிதுங்கிக் கூடு கொஞ்சம் நீண்டுவிடும். நீண்டதைச் சீவிக் குறைக்க வேண்டும். அடியில், பொறி கொடுக்கிற பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைச் சரியான ஆழத்துக்குச் செருக வேண்டும். இத்தனைக்கும் அளவு உண்டு. ஒவ்வொரு அளவையும் அவர் கருவியை வைத்துப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

.308 வின்செஸ்டர் என்று ஒரு தோட்டா. அதன் கூட்டின் நீளம் 2.015 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சீவும்போது 2.005 அங்குலத்துக்குச் சீவுகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு அங்குலம். அதாவது கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் கூடு எந்த நீளத்தில் இருந்தாலும் கிழவருக்குச் சம்மதம். அதைத் தாண்டினால், கூட்டின் வாய் துப்பாக்கி அறையின் முனையில் இடித்துக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளக் கூடும். குண்டு விடுபடச் சிரமப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறின அழுத்தம் வெளியே போக வேறு வழி தேடும். சுடுகிறவனின் கண் அந்த வழிக்கு மிக அருகில் இருக்கிறது.

மருந்தை 'கிரெயின்' என்ற எடையால் நிறுக்கிறார்கள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். தானிய மணி ஒன்றின் எடையிலிருந்து பிறந்த அளவு அது, நம் ஊர்த் தட்டார்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த மாதிரி. கிழவரின் தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும். மருந்து அதிகமானால் ஆபத்து என்பது எனக்கும் தெரியும். குறைந்தாலும் ஆபத்து என்பது அங்கேதான் தெரிந்தது. மருந்து போதாமல் போனால் குண்டு வெளியே வராமல் குழாயின் நடுவிலேயே நின்றுவிடலாம். சுடுகிறவன் அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாய் வெடிக்கக் கூடும்.

ஒவ்வொரு நாளும் வேலை துவங்குமுன் அவர் இரண்டு காரியம் செய்வார். அளவியின் இரு தாடைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். எடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு சின்னக் கல்லைத் தராசில் வைத்து, தராசு உண்மை சொல்கிறதா என்று பார்ப்பார். நேற்றுப் பார்த்தோமே என்று விடுவதில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்தது. நான் கல்லூரியில் படித்ததே இரண்டு வருஷந்தான். பௌதிக சோதனைச்சாலையில் திருகு அளவியைக் கையில் கொடுத்து, ஒரு கம்பியின் விட்டத்தைப் பத்து இடங்களில் அளந்து எழுதச் சொன்னார்கள். எனக்கு அன்று வேறு எங்கோ போக அவசரம். ஒரே ஒரு தடவை அளந்து, அதே எண்ணைப் பத்து வரிசையிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் நோட்டைப் பார்த்தார்.

"பத்துத் தடவை அளந்தாயா?"

"அளந்தேன், ஸார்."

"அளந்திருந்தால் பத்தும் ஒன்றாக வராதப்பா" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார்.

பிழையே காணோம் என்பதால் பொய் அகப்பட்டுவிட்டது. அன்று எனக்கு வெட்கம் மட்டும் இருந்தது, அர்த்தம் விளங்கவில்லை. நேர்மையாக அளக்கிறவனின் கணக்கில் எப்போதும் கொஞ்சம் முன்பின் இருக்கும். அந்த முன்பின்னை மறைக்காமல் எழுதிக் காட்டுவதுதான் அவன் அளந்ததற்கு அத்தாட்சி.

இந்த முன்பின்னுக்குப் பட்டறைகளில் 'டாலரன்ஸ்' என்று பெயர். நம் ஊர் லேத்காரர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். இதே வார்த்தைக்கு இங்கிலீஷில் இன்னொரு பொருள் இருக்கிறது: பிறரைப் பொறுத்துக்கொள்வது, சகிப்பது. பிறர் குற்றத்தைப் பொறுப்பவனுக்கும், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலான இரும்பைப் பொறுக்கிற யந்திரத்துக்கும் ஒரே பெயர் கிடைத்திருப்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. யோசிக்க யோசிக்க வேடிக்கை குறைந்தது.

துப்பாக்கியையும் துல்லியத்தையும் பிரிக்க முடியாது என்பது சரித்திரம். ஒரு காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு கொல்லர் அரம் வைத்து ராவி ராவித்தான் பொருத்தினார். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் சேராது. 1785-ல் பிரான்சில் ஹொனொரே பிளாங்க் என்பவர் ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளைக் கழற்றி, உறுப்புகளைத் தனித்தனித் தட்டுகளில் போட்டு வைத்தார். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், கைக்கு அகப்பட்ட உறுப்புகளை எடுத்துத் தாமே சில பூட்டுகளை மாட்டிப் பார்த்தார். கச்சிதமாகச் சேர்ந்தன. வியந்துபோய்த் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார்.

அமெரிக்காவில் எலி விட்னி என்பவர் 1798-ல் பதினாயிரம் துப்பாக்கி செய்து கொடுப்பதாக அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1800-க்குள் முடிக்க வேண்டியது. முடியவில்லை. 1801-ல் ஜெபர்சன் முதலான பெரியவர்கள் முன்னால் உறுப்புகளைக் குவித்துவைத்து, எதை எடுத்தாலும் எதிலும் சேரும் என்று பூட்டுகளை மாட்டிக் காட்டினார். எல்லோரும் நம்பினார்கள், தவணையும் கிடைத்தது. பதினாயிரமும் வந்து சேர்ந்தது 1809-ல். பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் அவர் செய்த துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் சேரவில்லை; சில உறுப்புகளில் இது இதனுடையது என்று அடையாளம்கூட வெட்டியிருந்தது. என் கம்பியின் பத்து அளவுகளும் எலி விட்னியின் பூட்டுகளும் ஒரே ஜாதி. பார்க்கிறவர்களுக்கு வேண்டிய பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தோம்.

உண்மையான அளவை உலகத்துக்குக் கொடுத்தவரும் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலைக்காரர்தாம். ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா என்ற ஊரில், ராணுவத் துப்பாக்கிகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தார் கார்ல் எட்வர்ட் யோஹான்சன். துப்பாக்கியின் ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு கேஜ் வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கில் செய்து மாளாது. 1896-ல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 102 எஃகுக் கட்டைகள் இருந்தால் போதும். ஒன்றோடு ஒன்றை அடுக்கி, நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இருபதாயிரம் அளவுகள் உண்டாக்கலாம் என்று கணக்குப் போட்டார். மனைவியின் தையல் யந்திரத்தை மாற்றி அமைத்து அதில் கட்டைகளைத் தேய்த்தார் என்று அவர் சரித்திரத்தில் சொல்கிறார்கள். அந்தக் கட்டைகள் எவ்வளவு சமதளம் என்றால், ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தி நகர்த்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். எஃகு சூட்டில் நீளும், குளிரில் குறுகும் என்பதால், அளவு சொல்லும்போது உஷ்ணத்தையும் சொன்னார்: 20 டிகிரி சென்டிகிரேட். இன்றும் உலகப் பட்டறைகளுக்கு அந்த 20 டிகிரிதான் பிரமாணம்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. எந்த அளவும் தனியாக நிற்பதில்லை. கிழவர் தம் அளவியை நம்புகிறார். அளவி அதைச் சோதித்த கட்டையை நம்புகிறது. அந்தக் கட்டை அதைவிட உயர்ந்த வேறொரு கட்டையை நம்புகிறது. நடுவில் யாராவது ஒருவர், 'கிட்டத்தட்டச் சரிதான்' என்று கண்ணை மூடிக்கொண்டு முத்திரை வைத்துவிட்டால், கீழே இருக்கிறவர்கள் அத்தனை பேரும் யோக்கியமாக வேலை செய்தும் தப்பான பொருளைச் செய்வார்கள்.

ஒரு நாள் நான் போனபோது கிழவர் தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தார். செய்து முடித்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது தோட்டா, இரண்டு நாள் வேலை.

"ஏன், கெட்டுப்போய்விட்டதா?"

"தெரியாது" என்றார். "நேற்று நடுவில் டெலிபோன் மணி அடித்தது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து தொடர்ந்தேன். எழுந்திருந்தபோது கையில் இருந்த கூட்டில் மருந்து போட்டுவிட்டேனா, போடவில்லையா என்று இப்போது நினைவில்லை. எது அந்தக் கூடு என்பதும் தெரியவில்லை."

"எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாமே?"

"கூடுகளின் எடையே ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்துக்குள் மருந்தின் வித்தியாசம் ஒளிந்துகொண்டுவிடக் கூடும்."

"ஐம்பதில் ஒன்றுகூடத் தப்பாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா?"

"இருக்கலாம். அநேகமாக அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "எனக்கென்றால் ஒருவேளை சுட்டிருப்பேன். இவை சனிக்கிழமை என் பேரன் சுடுவதற்காகச் செய்தவை."

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பி வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். தங்கை மகன் வந்து விளக்கைப் போட்டு, "என்ன மாமா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை. பல வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்திருந்தது.

வெளியூரிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணுக்கு வரன் பார்த்திருக்கிறார். பையன் எனக்கு நெருங்கிய சிநேகிதர் ஒருவரின் தம்பி. விசாரிக்க வந்திருந்தார். காபியை வாங்கி ஆற்றியபடி, "ஸார், நீங்கள் எழுதுகிறவர். உள்ளதை உள்ளபடி சொல்வீர்கள் என்று நம்பி வந்தேன்" என்றார்.

பையன் குடிப்பான் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை குடித்துவிட்டு அண்ணியின்மேல் கை ஓங்கினதும் தெரியும். சமீபத்தில் திருந்திவிட்டான் என்று வீட்டில் சொன்னார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் என்ன சொன்னேன்? "நல்ல குடும்பம். பையனைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை" என்றேன். அவர் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டரை வருஷத்தில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு பிறந்தகம் வந்துவிட்டாள். எப்படி வந்தாள், உடம்பில் என்ன காயத்தோடு வந்தாள் என்பதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அந்த வாத்தியாரை எதிரே பார்த்தேன். ஒதுங்க இடமில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சௌக்கியமா, ஸார்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளக் காரணங்கள் இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு விசாரிக்கும்போது ஊரே அப்படித்தானே சொல்கிறது? எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தால் இந்த நாட்டில் எத்தனை கல்யாணம் நடக்கும்? ஒருவன் திருந்த நினைக்கும்போது அவன் பழைய குற்றத்தைத் தோண்டி எடுத்துக் காட்டுவது மட்டும் தர்மமா? பிறர் பிழையைப் பொறுப்பதல்லவா பெருந்தன்மை?

கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பொறுமையே இல்லாத யந்திரம் ஓடாது. கூடும் அறையும் மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒரே அளவாக இருந்தால், ஒரு துளி தூசி பட்டாலும் தோட்டா உள்ளே நுழையாது. இடைவெளி வேண்டும் என்று கிழவரும் சொல்கிறார். அவர் பொறுக்கிற பிழைக்கும் நான் பொறுத்த பிழைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன்.

முதல் வித்தியாசம், அவருடைய பொறுமைக்கு ஓர் எண் இருக்கிறது. அந்த எண் வேலை துவங்குமுன்பே எழுதப்பட்டிருக்கிறது. துப்பாக்கி அறையைச் சோதிக்க இரண்டு கேஜ் வைத்திருந்தார். அந்த .308-க்கு ஒன்று 1.630 அங்குலம், மற்றொன்று 1.634. முதலாவதை வைத்தால் துப்பாக்கியின் கதவு மூட வேண்டும்; இரண்டாவதை வைத்தால் மூடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதுவரை பொறுப்பார், அதற்கு மேல் பிரம்மாவே வந்து சிபாரிசு செய்தாலும் பொறுக்கமாட்டார். என் பொறுமைக்கு எல்லை எதுவும் முன்கூட்டி எழுதியிருக்கவில்லை. எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார், யாருக்கு மனம் நோகும் என்பதைப் பார்த்து அது நீண்டுகொண்டே போயிற்று. எல்லை இல்லாத பொறுமைக்கு அலட்சியம் என்று வேறு பெயர் உண்டு.

இரண்டாவது வித்தியாசம், தெரியாததைத் தெரியாது என்று அவர் ஒத்துக்கொண்டார். "குடிப்பழக்கம் இருந்தது. ஒரு தடவை அடிக்கப் போனது எனக்குத் தெரியும். இப்போது விட்டுவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள், அது உண்மையா என்று எனக்குத் தெரியாது" என்று நான் சொல்லியிருக்கலாம். அது பையனைக் கொன்றுவிடுகிற தீர்ப்பு அல்ல. பெண்ணைப் பெற்றவர் மேற்கொண்டு விசாரித்து, அவளையும் கேட்டு, தம் துணிவில் முடிவு செய்திருப்பார். நான் முன்பின்னை அழித்துவிட்டு, பத்து வரிசையிலும் ஒரே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. பிழையின் பலன் யார்மேல் விழும் என்று பார்த்து அவர் தம் எல்லையை வைத்தார். தமக்கென்றால் தளர்த்திக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தவர், பேரனுக்கென்றபோது இறுக்கினார். நாம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகச் செய்கிறோம். சொந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்தால் பையனின் ஆபீஸ்வரை போய் விசாரிக்கிறோம். அடுத்தவர் பெண்ணுக்கு என்றால், பெருந்தன்மை வந்துவிடுகிறது. அந்தச் சிநேகிதரின் மனம் நோகக்கூடாது என்று நான் காட்டிய தாராளத்துக்கு விலை கொடுத்தவள், என்னைப் பார்த்தே இராத ஒரு பெண்.

அப்போது எனக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 'நல்ல எண்ணத்தோடுதானே சொல்கிறோம்' என்று அது சொல்லிற்று. அளவுக் கருவியே தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கி ஓர் உதாரணம். 1990 ஏப்ரலில் அதை வானத்துக்கு அனுப்பினார்கள். அதன் கண்ணாடி 2.4 மீட்டர் குறுக்களவு. அதைப்போல் வழவழப்பாகத் தேய்த்த பெரிய கண்ணாடி அதற்குமுன் அபூர்வம். ஆனால் அனுப்பினவை மங்கலான படங்கள். காரணம், கண்ணாடியைத் தேய்க்கும்போது அதைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தப்பான கருவி சொன்னபடி, வெகு துல்லியமாகத் தப்பான உருவத்துக்குத் தேய்த்துவிட்டார்கள். கண்ணாடியின் ஓரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத் தட்டையாகப் போயிற்று. வேறு இரண்டு சாதாரணக் கருவிகள் ஏதோ பிழை இருப்பதாகக் காட்டத்தான் செய்தன. அவை அவ்வளவு உயர்ந்த கருவிகள் அல்லவே என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் ஆகாயத்துக்கே ஆட்களை அனுப்பிப் பிழையைச் சரிக்கட்டினார்கள்.

வாத்தியார் வந்து போன அன்று என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "அவர் நம்பிக் கேட்கிறார். நீங்கள் பாதியைச் சொல்லவில்லையே" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அடக்கினேன். இரவில் என் நெஞ்சும் சற்று உறுத்தியது. அதையும் அடக்கினேன். இரண்டு சாதாரணக் கருவிகள் சரியான அளவைக் காட்டியிருக்கின்றன. என் நல்லெண்ணம் என்ற உயர்ந்த கருவியை மட்டுமே நான் நம்பினேன். அதன் பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே இல்லை.

துல்லியமே தர்மம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. யோஹான்சன் கட்டைகளால் மோட்டாரும் செய்தார்கள், பீரங்கியும் செய்தார்கள். கிழவர் செய்கிற தோட்டா காகிதத்தைத் துளைக்கிற அதே சுத்தத்தோடு மனிதனையும் துளைக்கும். எதைச் செய்யலாம் என்பதைக் கருவி சொல்லாது. அவரிடம் ஒரு நாள் கேட்டேன்: "இவ்வளவு கவனத்தையும் உயிரைக் கொல்கிற ஒரு பொருள்மேல் போய்ச் செலவழிக்கிறீர்களே?" அவர் கொஞ்சம் யோசித்து, "நான் கவனத்தைப் பழகிக்கொண்டது இதில்தான். வேறெதிலாவது பழகியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்றார். துப்பாக்கியைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. அந்தப் பதிலுக்கு மேல் வாதாட எனக்கு வாயும் வரவில்லை.

ஊர் திரும்பி சில மாதம் ஆயிற்று. இன்னொருவர் இன்னொரு வரனைப் பற்றி விசாரிக்க வந்தார். இந்தப் பையன் எங்களுக்குத் தூரத்து உறவு. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். கடன் வாங்கி ஒரு வியாபாரத்தில் தோற்றவன். பிறகு ஒழுங்காக உத்தியோகம் பார்க்கிறான். கடன் முழுவதும் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. பையனின் தாயார் இப்போது என்னோடு பேசுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். பையன் நல்லவன். அவளோடு நன்றாகவே வாழ்ந்திருப்பான் என்று தோன்றுகிறது. கேஜ் வைத்துப் பார்க்கிறவன் கெட்டதை மட்டுமா ஒதுக்குகிறான்? எல்லைக்கு ஒரு மயிரிழை அப்பால் நின்ற, இன்னும் பத்து வருஷம் உழைத்திருக்கக்கூடிய நல்ல உருப்படியும் ஒதுக்கப்படுகிறது. கிழவர் பிரித்துக் கொட்டிய ஐம்பதில் ஐம்பதுமே நல்ல தோட்டாக்களாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குப் போனது பித்தளையும் மருந்தும் இரண்டு நாள் வேலையும். இங்கே போனது ஒரு பையனின் கல்யாணம்.

ஆகவே நான் செய்தது சரிதான் என்று மார் தட்டிக்கொள்ள முடியவில்லை. முதல் தடவை செய்த பிழைக்கு வேறொருத்தி விலை கொடுத்தாள். இரண்டாந் தடவை வேறொருவன் கொடுத்தான். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. இந்தப் பையனின் தாயாரிடம் நான் சொன்னதை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும். ஒரு வார்த்தையைக்கூட மறைக்க வேண்டியதில்லை. அந்த வாத்தியாரிடம் அது முடியாது. பஸ் ஸ்டாண்டில் அவர், "சௌக்கியமா, ஸார்?" என்று கேட்டபோது, "சௌக்கியம்" என்றுதான் சொன்னேன். அதுவும் சரியான அளவு அல்ல.